படியேறி வந்த பிறந்தவீடு

இந்த நினைவு மலர் நூற்றைம்பது பிரதிகள் அச்சாகிறது. கைக்குக் கிடைக்கப்போகிறவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்று. அதிலும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கக் கூடியவர்கள் பாதிகூடத் தேறமாட்டார்கள். இதை அக்காவின் மகள் மீனாவிடம் சொன்னபோது, "மாமா, தமிழ் வராதவங்களுக்கு நான் படிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடறேன். நீங்க டென்ஷன் ஆகாம எழுதுங்க" என்றாள். மீனாவே தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவள் வாய்க்கு ஏற்றபடி சிறிய வாக்கியங்களாக எழுதியிருக்கிறேன். எங்கேயாவது பிழை இருந்தால் அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். புணேயில் தமிழ் அச்சிட ஆள் கிடைத்ததே பெரிது. மெய்ப்பு பார்த்தவன் நான்.

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓர் ஆண்டு நிறைகிறது. எண்பத்து மூன்று வயது வரை தெளிந்த புத்தியோடு வாழ்ந்தார். அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு உடன்பிறந்தவன் என்ற முறையில் எனக்கு வந்திருக்கிறது. அக்காவைப் பற்றி எழுத வேண்டுமானால் அவர் தேடிக் கண்டெடுத்த சின்னத்தாத்தாவின் குடும்பத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில் கடனா நதிக்கரையில் உள்ள சிவசைலம். பள்ளிப் படிப்பை ஆழ்வார்குறிச்சியிலும் ஆசிரியப் பயிற்சியைப் பாளையங்கோட்டையிலும் முடித்தார். அத்தானுக்குப் பூனாவை ஒட்டிய பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை. பெண் கேட்டு வந்தபோது, "மாப்பிள்ளை பூனாவில் இருக்கிறார்" என்று சொன்னதும் எங்கள் தாத்தா எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். ஊர்ப் பெயரைக் கேட்டதற்கு ஏன் இந்தக் கோபம் என்று யாருக்கும் விளங்கவில்லை. கல்யாணம் முடிந்து அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடும்போதுதான் அப்பா அக்காவைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"பூனாவுல எனக்கு ஒரு சித்தப்பா இருக்காவ. தாத்தா கூடப் பெறந்தவுக. கண்டா ஒரு வார்த்த பேசு. தாத்தாவுக்குத் தெரிய வேண்டாம்."

பின்னால் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. தாத்தாவின் தம்பி வெள்ளைக்காரர் காலத்தில் பூனாவை அடுத்த கட்கி ராணுவக் கிடங்கில் கணக்கு வேலைக்குப் போனவர். தினமும் சாப்பிட்டுவந்த மராத்திக்காரர் வீட்டுப் பெண்ணையே மணந்துகொண்டார். செய்தி வந்த அன்று தாத்தா ஆற்றில் இறங்கித் தலை முழுகிவிட்டு வந்தார். உயிரோடு இருக்கும் தம்பி அன்றோடு குடும்பத்துக்குச் செத்தவர் ஆனார். அவர் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. யாரும் சொல்லவில்லை.

அப்பா சொன்ன ஒரு வார்த்தையை அக்கா மறக்கவே இல்லை. ஆனால் பிம்ப்ரிக்கு வந்த முதல் சில ஆண்டுகள் அவருக்குத் தேடுவதற்கு எங்கே நேரம்? காய்கறிக்காரியிடம் பேரம் பேசிப் பேசியே மராத்தி கற்றுக்கொண்டார். தபால் வழியில் பி.ஏ. முடித்தார். பள்ளி ஒன்றில் ஆசிரியை ஆனார். மீனா கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. "ஊருக்கு வந்துரு" என்று எல்லோரும் சொன்னார்கள். அக்கா வரவில்லை. சிஞ்ச்வட்டில் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு பிடித்து, காலையில் பள்ளி, மாலையில் டியூஷன் என்று மகளைப் படிக்க வைத்தார். மீனா இன்று ஹிஞ்சேவாடியில் நல்ல பதவியில் இருக்கிறாள் என்றால் அதற்கு அந்த மூன்றாம் மாடிதான் காரணம். நான் வங்கியில் மாற்றல் வாங்கிக்கொண்டு புணேக்கே வந்து சேர்ந்ததும் அக்காவுக்குத் துணையாக இருக்கத்தான். கடைசியில் யாருக்கு யார் துணை என்று என் மனைவி கேட்பாள். அது வேறு கதை.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா குடும்ப வரலாற்றைக் கையில் எடுத்தார். எதையும் அப்படியே நம்பமாட்டார். எங்கள் குடும்பத்தில் "தாசில்தார் தாத்தா" என்று ஒருவர் உண்டு, அப்பாவின் தாய்மாமன். அவர் தாசில்தார் ஆனது ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் என்று அக்கா கண்டுபிடித்தார். "டாக்டர் அத்தை" டாக்டருக்குப் படித்தவர் அல்லர், தென்காசிப் பக்கம் பிரசவம் பார்த்த நர்ஸ் என்றும் கண்டுபிடித்தார். "இதுல என்ன குறைச்சல்? டாக்டர் இல்லாத ஊர்ல அவதானே டாக்டர்" என்று அக்கா பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் திருநெல்வேலியில் இருக்கும் அண்ணாச்சிக்கு இது பிடிக்கவில்லை. அண்ணாச்சி எங்கள் பெரியப்பா மகன், இன்றைக்குப் பிறந்த வீட்டில் மூத்தவர். குடும்பக் கொடிவழியைப் புத்தகமாகப் போட்டவரும் அவரே.

புத்தகம் வந்ததும் நான் முதலில் ஆட்களை எண்ணினேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று போட்டிருந்தார். எண்ணினால் நூற்றுப் பதினொன்றுதான் வந்தது. தாசில்தார் தாத்தாவின் பேத்தியை எங்கள் வீட்டிலேயே கட்டியிருக்கிறோம். அவரைப் பேத்தியாக ஒரு முறையும் மருமகளாக ஒரு முறையும் எண்ணியிருக்கிறார். முறைப்பெண்ணைக் கட்டும் குடும்பத்தில் இந்தத் தவறு வரத்தான் செய்யும். அக்காவிடம் காட்டினேன். அக்கா என் கணக்கைப் பார்க்கவே இல்லை. சின்னத்தாத்தாவின் பெயருக்குக் கீழே இருந்த இரண்டு சொற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்ததி இல்லை."

"இல்லேன்னு எழுத இவுக யாரு?" என்றார் அக்கா. "தேடிப் பாத்தாவளா?"

அன்றைக்குத்தான் தீவிரமாகத் தேடத் தொடங்கினார். தேடுவது என்றால் எப்படி? சின்னத்தாத்தா பிள்ளைவாள்தானே, வாரிசுகளும் பெயருக்குப் பின்னால் பிள்ளை என்று போட்டிருப்பார்கள் என்பது எங்கள் கணக்கு. பெயர்ப்பலகையில் "பிள்ளை" என்று இருக்கும் வீடாகப் பார்த்து மணி அடித்தோம். கட்கி, தேகு ரோடு, பிம்ப்ரி என்று பதினேழு வீடுகள். பதினேழு வீட்டாரும் மலையாளிகள். கொல்லம், கொட்டாரக்கரை, ஆலப்புழை. எல்லா வீட்டிலும் நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார்கள். எனக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். "இன்னும் எத்தனை பிள்ளைமார் இருக்காங்கக்கா?" என்று நான் சலித்துக்கொண்டால், "உனக்கு வறுவல் வேண்டாம்னா வெளியில நில்லு" என்பார்.

இந்தத் தவறு எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரும். மகாராஷ்டிரத்துக்கு வந்த தமிழனுக்கு இனிஷியல் மட்டும் போதாது. பள்ளியில், வங்கியில், எங்கே போனாலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். ஆளுக்கு ஒன்றைச் சொல்லி வைப்போம். மீனாவுக்குக் குடும்பப் பெயர் அத்தானின் பெயர். என் பிள்ளைகளுக்கு என் பெயர். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் பெயரை வைத்துப் பார்த்தால் அந்நியர்கள். நாங்களே பிள்ளை என்று போட்டுக்கொள்ளவில்லை. சின்னத்தாத்தா வீட்டார் மட்டும் போட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம்.

கண்டுபிடித்த விதம் இது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் சர்க்கரை பரிசோதனைக்காக அக்காவை ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து ஒரு பெண், "சிவசைல்கர்! வசந்த் சிவசைல்கர்!" என்று கூப்பிட்டாள். அக்கா சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்.

"ஏல, யாரையோ நம்ம ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடுதா."

"உக்காருக்கா. அது மராத்திக்காரங்க பேரு. எனக்கு அவரைத் தெரியும். பிம்ப்ரி கிளையில கணக்கு வச்சிருந்தவரு. கொங்கணத்து ஆளு."

"கொங்கணத்துல சிவசைலம் எங்க இருக்கு?"

"எங்கயாவது இருக்கும்."

"இருக்குமா? பேங்குலயும் இப்படித்தான் கணக்கு பாத்தியா?"

மராத்தியர்கள் ஊர்ப் பெயரோடு "கர்" சேர்த்துக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பெயரை எத்தனையோ தடவை கவுண்டரில் கூப்பிட்டிருக்கிறேன். சிவன், சைலம், கர் என்று எல்லாமே அந்த மண்ணின் பெயர் போலவே இருக்கும். நான் பிறந்த ஊர் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அக்காவுக்கு ஒரே தடவையில் தோன்றிவிட்டது. ஆசிரியையாக இருந்தவர் அல்லவா? "ஸ்கூல்ல சேக்க வாற மதராஸி அப்பன்மார்ட்ட குடும்பப் பேரு என்னன்னு கேட்டா முழிப்பாங்க. ஊர் பேரைச் சொல்லுவாங்க. நானே எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி எழுதிருக்கேன்" என்றார்.

ரத்தம் கொடுத்துவிட்டுக் கையில் பஞ்சோடு வெளியே வந்த வசந்தை அக்கா மறித்துக்கொண்டார். மராத்தியில்தான் பேச்சு. உங்கள் ஊர் எது என்று கேட்டார்.

"தெற்கே எங்கேயோ, தாயி. கொங்கணமாக இருக்கும். நான் போனதில்லை. அங்கே நமக்கு யாரும் இல்லை என்று அப்பா சொல்லுவார்."

"தாத்தா எங்கே வேலை பார்த்தார்?"

"கட்கியில். ராணுவக் கிடங்கில். ஏன் கேட்கிறீர்கள்?"

அக்கா ஏன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னார். வழியில் நான் என் சந்தேகங்களை எல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். கட்கிக் கிடங்கில் ஆயிரம் பேர் வேலை பார்த்திருப்பார்கள். சிவசைலம் என்ற பெயரில் வேறு ஊர் இருக்கலாம். நாளைக்குச் சொத்து, வில்லங்கம் என்று ஏதாவது வரலாம். அக்கா, இட்லி சாப்பிடப் போகலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை. "மாமா, லிஃப்ட் பந்த். அவருக்கு முட்டு வலி வேற இருக்காம்" என்று மீனா கீழே இருந்து போன் செய்தாள். நானும் அக்காவும் மூன்றாம் மாடிப் படிக்கட்டின் உச்சியில் போய் நின்றோம். வசந்த் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. படிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு..."

அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஆறு... ஏலு... எட்டு... ஒம்போது... பத்து..."

பத்துக்கு மேல் "அக்ரா, பாரா" என்று மராத்திக்கு மாறினார். படிக்கட்டு திரும்பும் இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி "ஒண்ணு" என்று ஆரம்பித்தார்.

மேலே வந்ததும் அக்கா கேட்டது ஒரே கேள்வி: "என்ன எண்ணிக்கொண்டு வந்தீர்கள்?"

வசந்துக்கு வெட்கமாகிவிட்டது. "அதுவா? எங்கள் வீட்டில் படி ஏறினால் அப்படித்தான் சொல்லுவோம். சின்ன வயதில் தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கட்கி வீட்டுப் படியில் ஏற்றிவிடுவார். அப்போது சொல்லித் தந்த பாட்டு. அர்த்தம் எதுவும் கிடையாது. என் பேரப்பிள்ளைகள்கூட ஒளிந்து விளையாடும்போது இதைத்தான் சொல்கிறார்கள்."

"அர்த்தம் இருக்கிறது, தம்பி" என்றார் அக்கா. 'தம்பி' என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னார்.

நான் வாழ்நாள் முழுவதும் எண்ணியே பிழைத்தவன். எத்தனை மொழி கற்றாலும் எண்ணும்போது தாய்மொழிதான் வாயில் வரும் என்பது எனக்குத் தெரியும். வங்கியில் எத்தனையோ வருஷம் இந்தியும் மராத்தியும் பேசினேன். நோட்டை எண்ணியது தமிழில்தான். சின்னத்தாத்தா தன் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுத் தரவில்லை. ஊரைச் சொல்லவில்லை, அண்ணனைச் சொல்லவில்லை. ஆனால் பேரனின் கையைப் பிடித்துப் படியேறும்போது வாய் தானாக எண்ணியிருக்கிறது. என் சந்தேகங்கள் அந்தப் படிக்கட்டிலேயே முடிந்துபோயின.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அக்கா முழுக் கதையையும் சொன்னார். வசந்தின் மனைவி சுனந்தாதான் கலகலப்பாகப் பேசினார். அவர் சாதாரா பக்கத்துப் பெண். "இப்போது புரிகிறது! என் கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் தேங்காய்ப்பாலில் வெளுப்பாக ஒரு குழம்பு வைத்தார். இஞ்சிச் சட்னி, உருளைக்கிழங்கு வறுவல். எல்லோரும் அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும், எங்கள் வீட்டு வழக்கம் என்றார். நான் எங்கள் அம்மாவிடம் போய், 'இவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கு மறுநாள் நோயாளிச் சாப்பாடு போடுகிறார்கள்' என்று அழுதேன்" என்றார்.

"அதற்குப் பெயர் என்ன?"

"சோதி."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு இல்லாமல் விசேஷம் நிறைவடையாது. பூனாவில் தனியே நின்று கல்யாணம் செய்துகொண்ட மனிதர், மறுநாள் அந்த மராத்திப் பெண்ணுக்குச் சொதி வைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதை அந்த அம்மா மருமகளுக்குச் சொல்லி, மருமகள் சுனந்தாவுக்குச் சொல்லி, மூன்று தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சுனந்தா ஒரு பாத்திரத்தில் செய்து கொண்டுவந்தார். எலுமிச்சம்பழத்துக்குப் பதில் கோகம் என்ற கொங்கணத்துப் புளி போட்டிருந்தது. போதாததற்கு வேர்க்கடலைப் பொடி. நான் முகத்தைச் சுளித்தேன். அக்கா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "கடலையும் நல்லாத்தான் இருக்கு. அது அந்த மராத்தி ஆச்சி வீட்டுச் சீரு" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மராத்திக் குடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது குலதெய்வம் எது என்று கேட்பார்கள். வசந்தின் அப்பா ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு, அக்கம்பக்கத்தார் சொல்லும் தெய்வத்தின் பெயரையே சொல்லிவைப்பாராம். அக்கா எங்கள் ஆற்றங்கரைச் சாஸ்தாவின் பெயரைச் சொன்னார். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பம் முழுவதும் அங்கே கூடும் என்று சொன்னார். வசந்த் அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நாங்கள் அங்கே வரலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அண்ணாச்சி. அக்கா அன்றே அவருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணாச்சி, சந்ததி இல்லேன்னு போட்டிருந்தீகள்லா? சந்ததி நம்ம வீட்டு நாற்காலியில உக்காந்து காப்பி குடிக்கி."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி சொன்னார்: "ஏட்டி, உனக்கு வேற சோலி இல்லையா? படியில எவனோ ஒண்ணு ரெண்டு எண்ணுனா பங்காளி ஆயிருவானா? தாத்தா தலை முழுகுனவரு. முழுகுனது முழுகுனதுதான்."

"தாத்தா முழுகுனது தாத்தா தலைய. என் தலைய நான் முழுகலையே."

"பெரியவுக செஞ்சத மாத்த நமக்கு உரிமை இல்ல. நான் இருக்கற வரை அந்தப் புஸ்தகத்துல ஒரு எழுத்து மாறாது."

"எங்க அப்பா என்ட்ட பேசச் சொன்னாவ அண்ணாச்சி. உங்க அப்பா உங்கள்ட்ட சொல்லலையா?"

அண்ணாச்சி போனை வைத்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணாச்சியைக் கூப்பிடுவார். கடைசியில் சின்னத்தாத்தா பேச்சை எடுப்பார். அண்ணாச்சி வைத்துவிடுவார். ஆனால் அக்கா கூப்பிட்டால் எடுக்காமல் இருந்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தை நான் அக்காவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். வசந்தின் வயதை வைத்துக் கணக்குப் போட்டால், அக்கா பிம்ப்ரிக்கு வந்த காலத்தில் சின்னத்தாத்தா கட்கியில் உயிரோடு இருந்திருக்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டே ஸ்டேஷன்தான். சொன்னால் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அவரே சொன்னார்: "நானும் கணக்கு போட்டுப் பாத்துட்டேன்ல. அப்பா சொன்ன ஒரு வார்த்தைய அவருட்ட பேச முடியல. பேரன்ட்ட பேசிட்டேன். அது போதாது. அவனை நம்ம வீட்டு ஆளுன்னு நாலு பேர் முன்னால நிறுத்தணும்."

போன ஆண்டு அக்காவுக்கு இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் சேர்த்தோம். மீனா இரவும் பகலும் பார்த்துக்கொண்டாள். வசந்தும் சுனந்தாவும் தினமும் வந்தார்கள். ஒரு மாலை நானும் அக்காவும் மட்டும் இருந்தபோது கேட்டார்:

"ஏல தம்பி, எல்லாத்தையும் எண்ணுதவன் நீதான். நான் போனா எனக்குப் பிறந்த வீட்டுக் கோடி எத்தனை வரும்னு சொல்லு."

மணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. பிறந்த வீட்டு ஆண்கள் வயது முறைப்படி போட வேண்டும். இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"இப்ப எதுக்குக்கா இந்தப் பேச்சு?"

"எண்ணு."

"அண்ணாச்சி ஒண்ணு. நான் ஒண்ணு."

"ரெண்டுதானா?"

நான் விரலை மடக்கி மறுபடி எண்ணினேன்.

"கணக்குல எப்பவும் நீ ஒண்ணு விட்டுருவ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் விடிந்த பின் அக்கா அமைதியாக இறைவனடி சேர்ந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணாச்சிக்கு எண்பத்தாறு வயது. திருநெல்வேலியிலிருந்து அன்றே வந்து சேர வழியில்லை. நான் போன் செய்து அழுதேன். அவரும் அழுதார்.

"சரி, கோடிய நீயே போட்டுரு" என்றார்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். வசந்தும் சுனந்தாவும் நின்றுகொண்டிருந்தார்கள். சுனந்தாவின் கையில் இலைப்பச்சை நிறத்தில் ஒரு புதுச்சேலை. நாங்கள் யாரும் அவர்களிடம் கோடியைப் பற்றிச் சொல்லவில்லை. பிறந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் இறந்தவளுக்குச் சேலை கொண்டுவருவது மராத்தியர்களுக்கும் உண்டாம். தாங்கள் அக்காவின் பிறந்தவீடு என்று அவர்களாகவே தீர்மானித்து வந்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்கள். கூடியிருந்த எங்கள் உறவினர்கள் என்னைப் பார்த்தார்கள். அக்கா உயிரோடு இருந்திருந்தால் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பார். எனக்கு அந்தத் துணிவு வர ஒரு நிமிடம் ஆயிற்று.

"அண்ணாச்சி, வசந்தும் வந்திருக்கான். கோடியோட நிக்கான்" என்றேன்.

வழக்கம்போல வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அவன் உனக்கு மூத்தவனா, இளையவனா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இளையவன்."

"அப்ப கேட்டுக்கோ. எம்பேருக்கு ஒரு சேலை வாங்கி முதல்ல நீயே போடு. ரெண்டாவது உன்னோடது. மூணாவது அவன். முறை தப்பிறக் கூடாது."

முறை சொல்வதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வீட்டு ஆளுக்குத்தான் முறை உண்டு. நான் வாசலுக்குப் போய் வசந்தின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தேன். மூன்று கோடியும் முறைப்படி போட்டோம். பச்சைச் சேலை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அக்காவுக்கு அந்த நிறம் நன்றாகவே பொருந்தியது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அண்ணாச்சி வந்தார். அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. இதைப் பற்றி நான் சொசைட்டிச் செயலாளரிடம் பல தடவை புகார் கொடுத்திருக்கிறேன். வசந்த் கீழே இறங்கிப்போய் அண்ணாச்சியைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. நானும் மீனாவும் படிக்கட்டின் உச்சியில் நின்றோம். கீழே இருந்து இரண்டு குரல்கள் சேர்ந்து எண்ணுவது கேட்டது. பத்து வரை ஒன்றாக வந்தன. அதற்கு மேல் ஒரு குரல் "பதினொண்ணு" என்றது. இன்னொன்று "அக்ரா" என்றது. இருவரும் நின்று சிரித்துவிட்டு, மறுபடி "ஒண்ணு" என்று தொடங்கினார்கள்.

மீனா அழுதாள். "அம்மா இதக் கேட்டிருக்கணும், மாமா" என்றாள்.

கொடிவழிப் புத்தகத்தின் திருத்திய பதிப்பு இந்த மலரோடு உங்களுக்குக் கிடைக்கும். அண்ணாச்சி "சந்ததி இல்லை" என்பதைத் தம் கையாலேயே அடித்துவிட்டு, சின்னத்தாத்தா பெயருக்குக் கீழே பதினொரு பேரைச் சேர்த்திருக்கிறார். இரண்டு முறை எண்ணப்பட்ட மருமகளையும் ஒரு முறையாக்கிவிட்டார். மொத்தம் நூற்று இருபத்திரண்டு. நான் சரிபார்த்துவிட்டேன். கணக்கு சரி.

அக்காவின் கடைசி நாட்களில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்த மூன்றாம் மாடி அண்டை வீட்டாருக்கும், அக்காவிடம் படித்து இன்று பெரிய நிலையில் இருந்தும் தோள் கொடுத்துத் தூக்கிய பழைய மாணவர்களுக்கும், ரஞ்சன்காவ் தொழிற்சாலையிலிருந்து ஷிஃப்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்த மீனாவின் கணவருக்கும், முதுமையைப் பொருட்படுத்தாமல் வந்து முறை சொல்லித் தந்த அண்ணாச்சிக்கும் நன்றி. சிவசைல்கர் குடும்பத்தாருக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. பிறந்த வீட்டாருக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவர்கள் பெயர்களைக் கீழே, இம்மலரை வெளியிடுவோர் வரிசையில் என் பெயருக்கு அடுத்துக் காணலாம்.

வருகிற தை மாதம் மீனாவின் மகளுக்கு, அக்காவின் பேத்திக்கு, கல்யாணம். எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்து வாழ்த்த வேண்டும். மறுநாள் சொதிச் சாப்பாடு தன் பொறுப்பு என்று சுனந்தா சொல்லிவிட்டார். வேர்க்கடலைப் பொடி போடக் கூடாது என்று நானும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். போடத்தான் போகிறார். மறுநாளும் தங்கியிருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.